கடலில் ஆள் இருக்கையில் கேட்ட கேள்வி

பரணில் கிடந்த பித்தளை ஸ்டவ்வை நேற்று என் மகன் இறக்கிக் கூடத்தில் வைத்தான். பழைய சாமான் வாங்குகிறவர் தெருமுனையில் தராசோடு நிற்கிறாராம். நல்ல கனமான பித்தளை, இதை எதற்கு இத்தனை வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று கேட்டான். நான் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகினேன். கிருஷ்ணாயில் வாடை வந்தது. ஒரு நாளும் ஏற்றாத ஸ்டவ்வில், இத்தனை காலம் கழித்து, வாடை எப்படி வரும் என்று நீ வாதாடுவாய். வாதாடிக்கொள். எனக்கு வந்தது.

நீ போய் இன்னும் மாசம் திரும்பவில்லை. உன் மகன் சொல்லியனுப்பி நான் பெரம்பூருக்கு ஓடி வந்தபோது உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் நிம்மதியான சாவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. யாரைக் கேட்டு அப்படிச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

நாம் சேர்ந்தது பாரிமுனைப் பக்கம் ஒரு மாடி ஆபீசில். சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. வீடு வீடாகப் போய் எந்த சோப்பு, எந்த விளக்கு, எந்த அடுப்பு என்று பெண்களைக் கேட்டு எழுதி வர வேண்டும். அதை ஆபீஸ் தொகுத்துக் கம்பெனிகளுக்கு விற்கும். அந்த வேலைக்கு ரிசர்ச் என்று பெயர். ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த என் அப்பா, "எவ என்ன சோப்பு போடுதான்னு கேக்கதுக்கு ஒரு உத்தியோகமா?" என்று சிரித்தார். பெண்களிடம் மட்டும் பேசும் வேலை என்பதால் போக விட்டார். உன் அப்பா ரயில் பட்டறையில் பெட்டிகளுக்கு எண் எழுதும் பெயிண்டர். அவர் கை உனக்கு வந்திருந்தது. நீ போடும் கோடு ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும். அதனால் ஆபீசில் படம் வரைகிற வேலையும் உன் தலையில் விழுந்தது.

முதல் நாளே என் பேச்சைக் கேட்டுவிட்டு, "இன்னாமே திருநெல்வேலி, நீ கேக்குறது எங்க ஜனங்களுக்குப் புரியுமா?" என்றாய்.

"நீ பேசுததை விடப் புரியும்ட்டி" என்றேன்.

அன்றிலிருந்து கடைசி வரை நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மேனேஜரைச் சொல்ல வேண்டும். கெட்டவர் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். குரல் உயராது. நம்மை வாங்கம்மா, உட்காருங்கம்மா என்பார். பதில் எழுதும் தாளின் தலைப்பில் பேர், வீடு எல்லாம் எழுதிக்கொள்ளச் சொன்னார். நாம் நிஜமாகவே அந்த வீட்டுக்குப் போனோமா என்று சரிபார்க்கத்தான் அது, பேர் இந்த ஆபீசைத் தாண்டாது என்று எல்லாரிடமும் வாக்குக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள் என்றார். நீ அதை உன் பாஷையில் ஆக்கிக்கொண்டாய். "உன் பேரு எங்க வாசப்படி தாண்டாதுமே. மன்சுல கீறத சொல்லு." இதைச் சொன்னதும் பெண்களின் முகம் இளகும். ரேஷன் ஆபீசிலிருந்து வந்திருக்கிறோமோ என்று பயந்தவர்கள்கூட மணை போட்டு உட்காரச் சொல்வார்கள்.

அந்த ஸ்டவ் அப்போதுதான் வந்தது. ஒரு கம்பெனி புதிதாகப் பம்ப் ஸ்டவ் செய்திருந்தது. கடைக்கு வருவதற்கு முன்னால் எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் சில வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்துப் பழக்கச் சொல்லி, நம் ஆபீசை விட்டு விசாரிக்கச் சொன்னது. சூடு போதுமா, புகை வருகிறதா, பயமில்லாமல் ஏற்ற முடிகிறதா. வாரா வாரம் காலையில் ஆபீஸ் வேன் நம்மைக் கொண்டுபோய் விடும், மத்தியானத்துக்குள் திருப்பிக் கூட்டி வந்துவிடும். மத்தியானம் வேனுக்கு வேறு வேலை இருந்தது. அந்த ஒரு காரணத்தால்தான் நாம் எப்போதும் காலையில் போனோம். அதில் ஒரு சூழ்ச்சியும் இல்லை.

எந்த வீட்டில் கேட்டாலும், "நல்லா கீதுமே." பயமில்லையா என்றால், "ஒண்ணும் இல்ல, சோக்கா கீது." நாமும் எழுதிக்கொண்டோம். பூங்காவனம் வீட்டிலும் அதே பதில். குப்பத்தில் நமக்கு அவள் ஒருத்திதான் தோஸ்து என்று சொல்லும்படி ஆனவள். அவள் புருஷனுக்குச் சொந்தக் கட்டுமரம். மூத்த பெண் லோகம்மாவுக்குக் காட்டுப்பள்ளியில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். அந்தப் பெண் உன் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டு ஓடுவாள், நீ திட்டிக்கொண்டே துரத்துவாய். ஸ்டவ்வைப் புளி போட்டுத் துலக்கி, சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தாள் பூங்காவனம். அடுப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அதை நாம் இருவருமே பார்த்தோம்.

ஒரு நாள் வேன் டயர் வெடித்து, நாம் குப்பத்திலேயே மாட்டிக்கொண்டோம். வெயில் சாயும் நேரத்தில் கட்டுமரங்கள் கரை சேர்ந்தன. பூங்காவனத்தின் புருஷன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்தார். அதுவரைக்கும் மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்துவிட்டு நம் பக்கம் திரும்பினாள்.

"அந்தச் சனியனை எட்த்துனு போய்டுங்கமே. ரெண்டு தபா பத்த வெச்சேன். பம்ப் அடிக்கச் சொல்லவே மூடியாண்ட எண்ணெ வட்ஞ்சி, மூஞ்சிக்கு நேரா குப்புனு எரிஞ்சிச்சு. பக்கத்து வூட்ல புடவ பத்திகிச்சு. ஒருத்தியும் தொட்றதில்ல."

நீ திகைத்துப்போனாய். "காலைல கேட்டேனே. நல்லா கீதுன்னு சொன்னியே?"

அவள் உன்னை ஒரு மாதிரி பார்த்தாள். "காலைல ஆளு கடல்ல கீறாரு. வூட்ல குந்திகினு எரிஞ்சிச்சு, வெட்ச்சிச்சுன்னு வாயால சொல்லுவாங்களா?"

அந்தக் குப்பத்தில் அது வழக்கம். மரம் கடலில் இருக்கும்வரை வீட்டுப் பெண் வாயிலிருந்து கெட்ட சொல் வரக் கூடாது. வாணலி கருகினாலும் கருகிற்று என்று சொல்ல மாட்டார்கள். அவர்கள் நம்மிடம் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அவர்களிடம் சொல்வதற்கு வேறு பதிலே கிடையாது. நாம் வாரா வாரம் வேனில் போய் இறங்கி, அந்த ஒரே பதிலை அள்ளிக்கொண்டு வந்து ஆபீசில் கொட்டியிருக்கிறோம்.

திரும்பும் வழியில் திருவொற்றியூர் தாண்டியதும், "சாய்ங்காலமா போய் மறுபடியும் கேக்கணும்மே" என்றாய். ஆபீசில் யாரிடமும் சொல்லாமல் நம் கைக்காசில் பஸ் ஏறிப் போனோம். எல்லா வீட்டுக்கும் போனோம். ஆண்கள் கரையில் இருக்க, பெண்கள் வாய் திறந்தார்கள். ஒருத்தி தன் புறங்கையைக் காட்டினாள், தோல் சுருங்கிச் சிவந்திருந்தது. வாங்கினதைக் குறை சொன்னோம் என்று தெரிந்தால் கம்பெனிக்காரன் வந்து சண்டை போடுவானோ என்றுதான் அவளுக்குப் பயம். நீ உன் வாக்கைத் திரும்பவும் கொடுத்தாய். பேர் வாசப்படி தாண்டாது.

அறிக்கையோடு கம்பெனிக்காரர்களுக்குக் காட்டப் பெரிய அட்டையில் படம் வரைய வேண்டியிருந்தது. நீ காலைப் பதிலுக்கு ஒரு தூண், மாலைப் பதிலுக்கு ஒரு தூண் என்று பக்கத்துப் பக்கத்தில் வரைந்தாய். காலைத் தூண் அட்டையின் உச்சியைத் தொட்டது. மாலைத் தூண் தரையோடு தரையாகக் கிடந்தது. கீழே காரணத்தையும் இரண்டு வரியில் எழுதினாய். இதைப் பார்த்தால் ஸ்டவ்வைத் திருத்தாமல் கடைக்கு அனுப்ப மாட்டார்கள் என்று நீ நம்பினாய். நானும் நம்பினேன்.

மேனேஜர் அட்டையை வெகுநேரம் பார்த்தார். கோபப்படவில்லை. "அழகா வரைஞ்சிருக்கீங்க. ஆனா இத பாருங்கம்மா, நாம ஒத்துக்கிட்ட நேரத்துல, ஒத்துக்கிட்டபடி கேட்டதுதான் ரிசர்ச். நீங்க பஸ் ஏறிப் போய்க் கேட்டது ஊர் வம்பு. ரெண்டாவது தூணை எடுத்துடுங்க."

"எடுத்தா பொய்யாயிடும் சார்."

"எது பொய்? நல்லா இருக்குன்னு அவங்க சொன்னாங்களா இல்லையா? சொன்னதைத்தானே போடறோம்? ஒரு எழுத்து மாத்தச் சொன்னேனா?"

மாற்றச் சொல்லவில்லைதான். படுபாவி, ஒரு எழுத்துகூட மாற்றச் சொல்லவில்லை. நீ அட்டையை அவர் மேஜை மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாய். மாடிப்படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாய். நான் தோளைத் தொட்டபோது சொன்னாய்: "ஒவ்வொரு பேப்பரும் நெஜம்மே. மொத்தமா சேத்துப் பாத்தா பொய்." அப்புறம் நீ அந்த ஆபீசுக்கு வரவில்லை. அவர் வேறு ஆளை வைத்து ஒற்றைத் தூண் படம் வரைந்துகொண்டார். எனக்கு வீட்டில் கல்யாணம் முடிவாகி நானும் நின்றுவிட்டேன். போவதற்கு முன்னால் அந்தப் படத்தைக் கம்பெனிக்காரர்களுக்கு முன்னால் திரை விலக்கிக் காட்டியதைப் பார்த்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் காபி கொடுத்தார்கள்.

சோதனைக்குக் கொடுத்த ஸ்டவ்களை அவர்கள் திரும்ப வாங்கவில்லை, அன்பளிப்பு என்று விட்டுவிட்டார்கள். நமக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருந்தார்கள். நீ ஒவ்வொரு வீடாகப் போய் இதை ஏற்றாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாய். என் வீட்டுக்கும் வந்து சொன்னாய். "ஏத்தாத, விக்காத, யாருக்கும் குடுக்காத." குப்பத்தில் யாரும் ஏற்றவும் இல்லை. அது மட்டும் நீ நினைத்தபடி நடந்தது.

லோகம்மாவின் கல்யாணத்துக்கு நம் இருவரையும் கூப்பிட்டிருந்தாள் பூங்காவனம். மாப்பிள்ளை வீடு முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம். பெண்ணும் சீரும் தோணியில் போக வேண்டும். கரையில் சாமான்களை வரிசையாக வைத்திருந்தார்கள். குத்துவிளக்கு, அண்டா, குடம். குடத்துக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமம் வைத்து, வெயிலில் மின்னிக்கொண்டு அந்த ஸ்டவ். நீ என் கையை இறுக்கினது எனக்கு இன்னும் வலிக்கிறது. அவளுக்கு அது எரிக்கிற சாமான் இல்லை. ஊரில் எந்தப் பெண்ணும் கொண்டுபோகாத பித்தளைச் சீர். பெண்ணுக்குக் கௌரவம்.

நீ கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூங்காவனத்திடம் போனாய். "அக்கா, அந்த ஸ்டவ்வு..." என்று ஆரம்பித்தாய். அவள் தன் மஞ்சள் கையால் உன் வாயைப் பொத்தினாள். "இன்னிக்கு வாய்ல அத எட்க்காதமே. பொண்ணு தோணி ஏறுது."

நிச்சயம் ஆன பெண் காதில் கெட்ட சொல் விழக் கூடாது என்று அவள் மகளிடமும் சொல்லியிருக்கவில்லை. அன்று சொல்ல முடியாது. நீ என்னைப் பார்த்தாய். மறுவீட்டுக்கு இங்கேதானே வருவாள், அப்போது கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்றேனா, நீ சொன்னாயா, யார் முதலில் சொன்னோம் என்று எனக்கு நினைவில்லை. தோணி நகர்ந்தது. லோகம்மா உன்னைப் பார்த்துத் தன் பின்னலைத் தூக்கி ஆட்டிக் காட்டினாள்.

மறுவீட்டுக்கு அவள் வரவில்லை. புது வீட்டில் மாமியாருக்குக் காபி போட ஆசைப்பட்டு ஏற்றியிருக்கிறாள். நீ வந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போனாய். பெரிய ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடத்தியிருந்தார்கள். பின்னல் இல்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன். அவள் போனதும் போலீஸ் ஸ்டேஷனில் பூங்காவனத்தைக் கூப்பிட்டு விசாரித்தபோது நாமும் கூடப் போயிருந்தோம். ஸ்டவ்வில்தான் கோளாறு என்று அவள் சொன்னாள். அதிகாரி மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நீ எழுதின தாள். ஆபீசைத் தாண்டாது என்று சொன்ன தாள், கம்பெனிக்குப் போய், கம்பெனியிலிருந்து ஸ்டேஷனுக்கு வந்திருந்தது.

"பூங்காவனம்ங்கிறது நீதானே? நெட்டுக்குப்பம். ஸ்டவ் நல்லா இருக்கு, ஏத்த பயமில்லைன்னு வாரா வாரம் சொல்லிருக்கியேம்மா. இப்போ மாத்திச் சொல்றே?"

நீ குறுக்கே போய் மாலையில் கேட்டதைச் சொன்னாய். கடலைச் சொன்னாய். அட்டையைச் சொன்னாய். அந்த அட்டை எங்கே என்று கேட்டார் அதிகாரி. ஆபீசைக் கேட்டதற்கு, அப்படி ஒன்று எங்களிடம் இல்லை என்று பிறகு பதில் வந்ததாம். புதுப் பெண்ணின் கவனக்குறைவு என்று எழுதி மூடினார்கள்.

அன்று ஸ்டேஷனில் பூங்காவனம் அதிகாரியைப் பார்க்கவில்லை. உன்னைத்தான் பார்த்தாள். "பேரு வாசப்படி தாண்டாதுன்னு சொன்னியேமே" என்றாள். சத்தம் போடவில்லை, அழவுமில்லை. நீ அதற்கப்புறம் எத்தனையோ முறை குப்பத்துக்குப் போனாய். அவள் உன்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. "நாலு அறை அறைஞ்சிருந்தா தூங்கியிருப்பேன்மே" என்று நீ ஒரு நாள் என் வீட்டு வாசலில் நின்று சொன்னாய். அந்த ஸ்டவ் கொஞ்ச காலம் கடையில் ஓடியது. பிறகு சத்தமில்லாமல் காணாமல் போனது. எந்தெந்த வீட்டில் என்ன ஆயிற்று என்று யாரும் போய்க் கேட்டு எழுதவில்லை.

போன மாதம் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலையில் வந்தேன். உன் மகன் காலடியில் நின்றான், மருமகள் தலைமாட்டில் கஞ்சியோடு. நான், "எப்படிட்டி இருக்கே?" என்றேன்.

"நல்லா கீறேன்மே" என்று சிரித்தாய். உன் மகனுக்கு முகம் தெளிந்தது. "பாருங்க அத்தை, அம்மாவே சொல்லிட்டாங்க" என்றான்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே இட்லி தின்றுவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்து, வெயில் சாய்ந்தபின் மேலே வந்தேன். பிள்ளைகள் டீ குடிக்க இறங்கியிருந்தார்கள். உன் கட்டிலில் உட்கார்ந்து திரும்பவும் கேட்டேன். நீ என்னை உற்றுப் பார்த்தாய்.

"நீ மறக்கவே இல்லியாமே?"

"எப்படிட்டி மறப்பேன்? இப்போ சொல்லு."

"பயமா கீது." கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "கண்ண மூடுனா அந்தப் பொண்ணு பின்னல ஆட்டிகினு தோணில போவுது. வலி கூட தாங்கிக்கலாம். இத யாராண்ட சொல்றது? புள்ளைங்க எதிர்க்க சொன்னா தாங்குமா?" என்றாய். என் கையைக் கேட்டு வாங்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாய். பிள்ளைகளின் செருப்புச் சத்தம் கேட்கும்வரை அழுதாய். சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாய். அதுதான் கடைசி. நிம்மதியான சாவு என்று சொன்னவர்களிடம் நான் இதைச் சொல்லவில்லை.

இன்று காலை மகனிடம் சுத்தியலைக் கொடுத்து, ஸ்டவ் தொட்டியை நசுக்கிவிட்டு எடைக்குப் போடச் சொன்னேன். நல்லா இருக்கிற பொருளை யாராவது நசுக்குவார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே ஓங்கி அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் எனக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அவன் நிறுத்திவிட்டு, "என்னம்மா, நல்லாத்தானே இருக்கே?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கேன்யா" என்றேன்.

அவன் தகட்டைச் சாக்கில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். எனக்குத் தெரிந்தவர்களில் யார் காலையில் நல்லாயிருக்கிறேன் என்று சொன்னாலும் சாயங்காலம் போய் ஒரு தடவை திரும்பக் கேட்டு வருவேன். உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான், அதை விடவில்லை. இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். என்னைத் திரும்பக் கேட்க நீ இல்லையே, ஏட்டி.